ஃபார்மால் எம்முக்கு எத்தனை குதிரை போதும்? ஓர் இழுவைப் போட்டி டிராக்டரின் நிகழ்வு ஆய்வு

170 அடியைத் தாண்டியதும் வண்டி மூச்சுத் திணறியது. மூன்றாவது கியர், ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருந்தது. பின் டயர்கள் ஒரு சுற்றுகூட வழுக்கவில்லை. மண்ணைக் கவ்விப் பிடித்தபடிதான் இருந்தன. எஞ்சின் சத்தம் மட்டும் தடதடவென்று தணிந்து, நான்கு சிலிண்டரின் வெடிப்பையும் தனித்தனியாக எண்ணும் அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றுபோனது. வண்டிக்காரர் இறங்கி வந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இதற்கு இன்னும் எத்தனை குதிரைத்திறன் ஏற்ற வேண்டும்?

இடம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், ஒரு கவுண்டிச் சந்தைத் திடல். வண்டி இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஃபார்மால் எம், 1948ஆம் ஆண்டு மாடல். வண்டிக்காரர் என் பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபதைக் கடந்தவர். அவருடைய அப்பா புதிதாக வாங்கிய டிராக்டர் அது. எனக்கும் இந்தக் கம்பெனி எஞ்சின்மேல் பழைய பாசம் உண்டு. மகேந்திராவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் கூட்டாக 1963இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த பி-275தான் எங்கள் ஊரில் நான் முதன்முதலாக ஏறி உட்கார்ந்த டிராக்டர். அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கொட்டகையிலேயே கிடந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் கண்ட விடையும், அதற்குள் செய்த தவறுகளும்தான் இந்த ஆய்வு.

போட்டியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராக்டருக்குப் பின்னால் ஸ்லெட் என்ற நீண்ட வண்டியை மாட்டுவார்கள். அதன் பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் தரையில் தேய்ந்து வரும் இரும்புத் தட்டு. மேலே கனமான எடைப்பெட்டி. ஸ்லெட் நகர நகர, அதன் சக்கரமே சங்கிலி மூலம் எடைப்பெட்டியை முன்னால் இழுத்துவரும். பாரம் சக்கரத்திலிருந்து தட்டுக்கு மாற மாறத் தட்டு மண்ணில் அழுந்தும். ஆக, முதல் அடியில் லேசாக இருக்கும் சுமை கடைசி அடியில் மலையாகிவிடும். 300 அடி போய்விட்டால் அது முழு இழுப்பு. இல்லையென்றால் நின்ற இடத்தில் அளந்து தூரத்தை எழுதிக்கொள்வார்கள். ஓட்டுநரையும் சேர்த்த மொத்த எடையை வைத்துப் பிரிவு பிரிப்பார்கள். எங்களுடையது 5,500 பவுண்டுப் பிரிவு, அதாவது ஏறக்குறைய 2,500 கிலோ. கொக்கி மாட்டும் உயரம் தரையிலிருந்து 20 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. டர்போ கிடையாது, எஞ்சின் அந்த வண்டிக்கு வந்த வகையாகவே இருக்க வேண்டும்.

தொழிற்சாலையே எழுதி வைத்த பாடம்

எம் மாடல் 1939இல் வந்தது. அதில் இருப்பது சி-248 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 3⅞ அங்குலம்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 5¼ அங்குலம்; மொத்தக் கொள்ளளவு 248 கன அங்குலம், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்று மேலே. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் நிர்ணயித்த வேகம் நிமிடத்துக்கு 1,450 சுற்று. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1920இலிருந்து டிராக்டர்களைச் சோதித்து வருகிறார்கள். அங்கே பெல்ட்டில் அளந்தபோது எம் கொடுத்தது நாற்பது குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு.

1952இல் சூப்பர் எம் வந்தது. போர் 4 அங்குலமாகி, கொள்ளளவு 264 ஆனது. ஸ்ட்ரோக் அதேதான், வேகமும் அதே 1,450. திறன் மட்டும் 45ஐத் தாண்டியது. 1956இல் வந்த 450 மாடலில் போர் 4⅛, கொள்ளளவு 281. அப்போதும் ஸ்ட்ரோக் 5¼, வேகம் 1,450. திறன் 55ஐ ஒட்டி வந்துவிட்டது.

இந்த மூன்று எண்களைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். 248இலிருந்து 281 என்றால் கொள்ளளவு கூடியது 13 சதவீதம். திறன் கூடியதோ ஏறக்குறைய 40 சதவீதம். சுற்று வேகம் ஒன்றுகூட ஏறவில்லை. அப்படியானால் மீதித் திறன் எங்கிருந்து வந்தது? அதே சுற்றில் அதிகக் காற்றை உள்ளே விட்டும், அதை இன்னும் இறுக்கி எரித்தும்தான் வந்திருக்க வேண்டும்; வேறு வழியில்லை. வலு வேண்டுமென்றால் போரைப் பெரிதாக்கு, வேகத்தை ஏற்று என்பதுதான் பட்டறைகளில் முதலில் சொல்வது. இந்த எஞ்சினைப் படைத்த கம்பெனியோ போரைச் சிறிதே கூட்டியது, வேகத்தைத் தொடவே இல்லை.

வேகத்தை ஏற்றுவதில் எனக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. 5¼ அங்குலம் நீண்ட ஸ்ட்ரோக். பிஸ்டனும் கனமான வார்ப்பு. மேலே போய்த் திரும்பும் இடத்தில் அதைப் பிடித்து இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 1,450ஐ 2,000 ஆக்கினால் வேகம் கூடியது 38 சதவீதம்தான், ஆனால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தாங்க வேண்டிய விசை 90 சதவீதம் கூடிவிடும். கிராங்க் உட்கார்ந்திருப்பது மூன்றே மெயின் பேரிங்கில். இரண்டாவதும் மூன்றாவதும் பிஸ்டன்கள் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குபவை; அந்த இரண்டின் சுமையும் நடு பேரிங்கின் தலையில்தான் விழும். எழுபத்தைந்து ஆண்டுப் பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வேறு. அது வெடித்துச் சிதறினால் என்ன ஆகும் என்பதற்காகத்தான் வேகமான பிரிவுகளில் இரும்புக் கவசம் கட்டாயம். வேகத்தைத் தொழிற்சாலை எல்லையை ஒட்டியே வைப்பது என்று அன்றே முடிவு செய்தோம்.

எத்தனை தேவை?

ஆட்கள் வழக்கமாகச் செய்யாத ஒரு கணக்கை முதலில் போட்டோம். இழுவிசை பவுண்டில் வேண்டுமென்றால், குதிரைத்திறனை 375ஆல் பெருக்கி, மணிக்கு எத்தனை மைல் என்ற வேகத்தால் வகுத்தால் போதும். எம்மின் முதல் கியர் மணிக்கு 2⅝ மைல், இரண்டாவது 3½, மூன்றாவது 4¼, நான்காவது 5⅛. கொக்கிக்கு வந்து சேரும் திறன் 33 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் 4,700 பவுண்டு இழுக்கும். இரண்டாவதில் 3,500. மூன்றாவதில் 2,900தான்.

இனி டயரின் பக்கம். 5,500 பவுண்டு வண்டியின் எடை முழுவதும் பின் டயரில் இறங்கினாலும், நன்றாக இறுகிய களிமண் தடத்தில் பிடி 80 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 4,400 பவுண்டுக்கு மேல் எந்த எஞ்சினாலும் இழுக்க முடியாது. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் டயர் சுற்றுவதற்கும் மண் பறப்பதற்கும்தான்.

பழைய எஞ்சினுக்கே முதல் கியரில் டயரைச் சுற்றவைக்கும் தெம்பு இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். அப்படியானால் முதல் கியரிலேயே இழுக்கலாமே? இழுக்கலாம், ஆனால் தூரம் வராது. மெதுவாகப் போகும் டயர் நின்ற இடத்திலேயே குழி பறித்து அதில் தானே இறங்கும். வேகமாகப் போனால் டயரின் ஒவ்வொரு லக்கும், அதாவது மேடான பல்லும், புது மண்ணைக் கவ்வும். எடைப்பெட்டி முழுக்க முன்னால் வந்து தட்டு அழுந்தும் கடைசி ஐம்பது அடியில், ஓடிவந்த வேகம்தான் கைகொடுக்கும். அதனால்தான் எல்லோரும் தாங்கக்கூடிய மேல் கியரைத் தேடுகிறார்கள்.

மூன்றாவது கியரில் 4,400 பவுண்டு இழுக்கக் கொக்கியில் வேண்டியது 50 குதிரைத்திறன். வழியில் கியர்களும் டயரும் தின்பதைச் சேர்த்தால் எஞ்சின் கொடுக்க வேண்டியது 55. நான்காவது கியருக்கென்றால் கொக்கியிலேயே 60 தேவை. ஆக, எங்கள் இலக்கு 55. கம்பெனி அதே ஸ்ட்ரோக், அதே வேகத்தில் 450இல் எட்டிய இடமும் அதுதான். பண்ணைக்காரர் மனதில் எண்பது இருந்தது. சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அவரே அதை விட்டுவிட்டார்.

ஹெட்டைக் கழற்றியபோது

கழற்றுவதற்கு முன்பு, பண்ணைக் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் திறன் அளக்கும் டைனமோமீட்டர் மாட்டிப் பார்த்தோம். புது வண்டிக்குச் சொன்னதைவிடவும் குறைவாகவே காட்டியது. வயதுதான் காரணம் என்று நினைத்தேன். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: இது டிஸ்டிலேட் வண்டி.

டிஸ்டிலேட் என்பது அந்தக் காலத்தில் பெட்ரோலைவிட மலிவாகக் கிடைத்த, மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான எரிபொருள். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. அதனால் ஒரு சின்ன டேங்கில் பெட்ரோல் வைத்துக் கிளப்பி, சூடானபின் டிஸ்டிலேட்டுக்கு மாற்றுவார்கள். அது எளிதில் நாக்கிங் அடிக்கும், அதாவது சிலிண்டருக்குள் தானாக வெடித்துத் தட்டும் என்பதால், கலவையை இறுக்கும் விகிதமான கம்ப்ரெஷனும் குறைவாக வைத்திருப்பார்கள். ஆவியாக்குவதற்கு, புகைபோகும் குழாயின் சூடு உள்ளே போகும் காற்றின்மேல் படும்படி, இரண்டு குழாய்களும் சேர்ந்த மேனிஃபோல்டை வார்த்திருப்பார்கள். அவருடைய அப்பா டிஸ்டிலேட்டை விட்டுப் பெட்ரோலுக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. மேனிஃபோல்டையும் ஹெட்டையும் மட்டும் யாரும் மாற்றவில்லை. கொதிக்கும் குழாயை ஒட்டி உள்ளே போகும் காற்று சூடேறி லேசாகிவிடும். ஒரு சுற்றில் உள்ளே போகும் காற்றின் எடை குறையும். எடை குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். வண்டி அறுபது எழுபது ஆண்டாக அரை மூச்சில்தான் உழுதுகொண்டிருந்தது.

பெட்ரோல் மேனிஃபோல்டும், பிற்கால மாடலின் ஹெட்டும் தேடிப் பிடித்தோம். எம்மின் பிளாக்கில் இருப்பது ட்ரை ஸ்லீவ், அதாவது குளிர்நீர் நேரடியாகப் படாத சிலிண்டர் உள்ளுறை. அதே பிளாக்கில் மெல்லிய ஸ்லீவும் 4 அங்குல பிஸ்டனும் போடும் கிட் இன்றும் கிடைக்கிறது. அதைப் போட்டதும் கொள்ளளவு சூப்பர் எம்முடையது ஆனது. பிஸ்டன் தலை மேடாக இருப்பதால் கம்ப்ரெஷனும் ஏறும். இது புது யோசனை ஒன்றுமில்லை. உயரமான மலைப்பகுதிப் பண்ணைகளில் காற்று மெலிது என்பதால் கம்ப்ரெஷன் கூடிய பிஸ்டனைக் கம்பெனியே விற்றது. சமவெளிக்காரர்கள் அதை வாங்கித் தங்கள் வண்டியில் போட்டு, பக்கத்து வயல்காரனைவிட ஒரு கலப்பை கூடுதலாக இழுத்தார்கள்.

ஐந்தரைக்கு ஒன்று என்ற விகிதத்தை ஏழரைக்கு ஏற்றினால், ஏட்டுக் கணக்கில் அதே பெட்ரோலில் 12, 13 சதவீதம் கூடுதல் வேலை கிடைக்கும். 1939இன் பெட்ரோல் அதைத் தாங்கியிருக்காது. இன்றைய பம்ப்பில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் தாராளமாகத் தாங்கும். பத்துக்கு ஏற்றலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. ஏற ஏற லாபம் சிறுத்துக்கொண்டே வரும். ஹெட் கேஸ்கட்டின் மேலும் நடு பேரிங்கின் மேலும் விழும் அடி சிறுக்காது.

அளவு சரிதானா என்று பார்க்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எடுத்து பிஸ்டன் தலையில் ஒட்டினோம். பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று மெல்லச் சுற்றி, மறுபடி கழற்றினோம். களிமண்ணில் இரண்டு வால்வின் அச்சும் பிறை போல விழுந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்தோம். பண்ணைக்காரர் அந்தக் களிமண் வில்லையை இன்னும் ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறார்.

என்னைக் கேட்டால், செலவே இல்லாமல் அதிகம் கிடைத்தது வால்வு வேலையில்தான். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் வாயில் விரலை விட்டுத் தடவினால் ஒரு படி தட்டுப்பட்டது. அரை விரல்கூட இல்லை. ஆனால் உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் காற்று அதில் முட்டித் திரும்புகிறது. கேஸ்கட்டையே அச்சாக வைத்துக் கோடு கிழித்து, இரண்டு பக்கமும் ராவி, படியே தெரியாமல் செய்தோம். வால்வு சீட்டுக்கு அடியில் வார்ப்பின் கூர்விளிம்புகள் இருந்தன, அவற்றை வட்டமாக்கினோம். துளையைப் பெரிதாக்கவில்லை, கண்ணாடிபோல மெருகேற்றவும் இல்லை. 1,450 சுற்றில் ஓடும் எஞ்சினுக்குக் காற்று வேகமாக ஓட வேண்டும். குழாயை அகலமாக்கினால் அந்த ஓட்டம் சோம்பிவிடும். கீழிருந்து மேலே பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய இந்தக் கார்புரேட்டரில் அது இன்னும் மோசம்.

தீப்பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவைப் புதுப்பித்தோம். கம்ப்ரெஷன் ஏறினால் எரிதல் வேகமாகும் என்பதால் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, சற்றுப் பின்னுக்குத் தள்ளினோம். டாப்பெட், ரிங், ஆயில் பம்ப் எல்லாம் வழக்கமான வேலைதான். டைனமோமீட்டரில் முள் 55ஐத் தொட்டபோது இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

203 அடியில் நின்றது

கோடையில் முதல் சந்தை. மூன்றாவது கியர். கிளம்பியதும் சத்தமே வேறாக இருந்தது. 150, 180 அடி, சுற்று இறங்கவே இல்லை. 200ஐத் தாண்டியதும் கார்புரேட்டரில் ஒரு டப் சத்தம், இன்னொரு டப், எஞ்சின் அணைந்தது. 203 அடி.

அன்று இரவு கொட்டகையில் நாங்கள் சந்தேகப்படாத பாகமே இல்லை. டைமிங், மேக்னெட்டோ காயில், வால்வு, ஹெட் கேஸ்கட். மறுபடி டைனமோமீட்டரில் போட்டால் நன்றாகவே ஓடியது. சில விநாடி பார்த்துவிட்டு நிறுத்திவிடுவோம், அதனால் தெரியவில்லை. மறுநாள் காலை, மூன்றாவது கியரில் 200 அடி போக எத்தனை நேரம் என்று கணக்குப் போட்டேன். 32 விநாடி. முழு இழுப்பே 48 விநாடிதான். அப்போதுதான் உறைத்தது: 32 விநாடி நன்றாக ஓடிவிட்டு அணைவது நெருப்பின் குற்றமாக இருக்காது. ஏதோ ஒன்று தீர்ந்துபோகிறது.

எம்மில் பெட்ரோல் பம்ப் கிடையாது. மேலே இருக்கும் டேங்கிலிருந்து தானாக வழிந்து இறங்க வேண்டும். 55 குதிரைத்திறனில் நிமிடத்துக்கு மூன்றில் ஒரு லிட்டர் தேவை. கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, பாட்டிலை அடியில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் பிடித்தோம். தேவையில் பாதிகூட வரவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தை டேங்கோடு சேர்க்கும் இடத்தில் இருக்கும் சல்லடை, டேங்கின் உள்ளே உதிர்ந்த துருவால் கிட்டத்தட்ட மூடியிருந்தது. முன்பு வண்டி குறைவாகக் குடித்ததால் அது போதுமாக இருந்தது. இப்போது மிதவைக் கிண்ணத்தில் இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் வழியில் வந்ததையும் குடித்து முடித்து 32ஆவது விநாடியில் வறண்டுவிட்டது. வறண்ட கலவையில் முழுச் சுமை இழுத்தால் பிஸ்டன் தலை உருகும். அணைந்துபோனது எங்கள் அதிர்ஷ்டம். எல்லாவற்றையும் மாற்றிய நான் இந்த ஓட்டத்தை மட்டும் அளக்காமல் விட்டது என் பிழை. இன்று யாராவது பழைய வண்டிக்கு வலு ஏற்றுகிறேன் என்றால், முதலில் ஒரு பாட்டிலும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு வா என்கிறேன்.

எடையை எங்கே வைப்பது

டேங்கைக் கழுவி, சல்லடை மாற்றி, அடுத்த சந்தைக்குப் போனோம். இந்த முறை எஞ்சின் அசரவில்லை. 240 அடியில் டயர் சுற்றியது. பண்ணைக்காரர் பயத்தில் கூடுதல் எடை முழுவதையும் முன்னால் தொங்கவிட்டிருந்தார். பயம் நியாயமானதுதான். முன் சக்கரம் தூக்கி டிராக்டர் பின்னால் கவிழ்ந்து செத்தவர்கள் பண்ணைகளில் ஏராளம். அதனால்தான் பின்னால் தாங்குசட்டமும், ஸ்லெட் பிரிந்தால் எஞ்சினை அணைக்கும் கயிற்று சுவிட்சும் இல்லாமல் நாங்கள் வண்டியைக் கிளப்புவதே இல்லை.

ஆனால் எவ்வளவு தூக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. 4,400 பவுண்டு இழுவிசை, 20 அங்குல உயரம், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 89 அங்குலம். இழுவிசையை உயரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் ஏறக்குறைய 1,000 பவுண்டு. முழு இழுப்பில் முன் அச்சிலிருந்து பின்னுக்கு மாறும் எடை அவ்வளவுதான். முன்னால் அதற்குச் சற்று மேலே இருந்தால் ஸ்டீயரிங் பேசும். அதற்கு மேல் முன்னால் இருக்கும் ஒவ்வொரு பவுண்டும் பின் டயருக்குப் போய்ச் சேராத எடை. தராசில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். தேவையைவிட 600 பவுண்டு அதிகமாக இருந்தது. எடைக்கட்டிகளைக் கழற்றிப் பின் சக்கரத்தில் போல்ட் போட்டு முறுக்கினோம். டயர் காற்றையும் குறைத்தோம், பக்கச்சுவர் லேசாகப் பிதுங்கும் வரை.

செப்டம்பர் சந்தையில் முன் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும், ஒரு கை அகலம் எழும்பி மறுபடி படிந்து, 300 அடிக் கோட்டைக் கடந்தன. கோட்டுக்கு அப்பால் பத்தடி தள்ளித்தான் சிவப்புக் கொடியைப் பார்த்து நிறுத்தினார்.

நவம்பரில் ஆயில் சம்ப்பைக் கழற்றினோம். ராட் பேரிங்குகள் சாம்பல் நிறத்தில் சீராகத் தேய்ந்திருந்தன. முதல், கடைசி மெயின் பேரிங்குகளும் அப்படியே. நடு மெயின் பேரிங்கின் கீழ்ப்பாதியில் மட்டும், கட்டை விரல் அகலத்துக்கு, சாம்பலுக்கு அடியில் செம்பு தெரிந்தது. புது பேரிங் போட்டு, அடுத்த பருவத்துக்கும் கவர்னரை 1,450இலேயே பூட்டியிருக்கிறோம். நான்காவது கியரைப் பற்றி அவர் இன்னும் அவ்வப்போது கேட்கிறார். நான் அந்தப் பழைய பேரிங்கை எடுத்து அவர் கையில் கொடுக்கிறேன்.